சார்ஜாக்காரர் அன்று கரையில் இருந்தார்

ஆமாம், அந்தக் கல்லை எனக்குத் தெரியும். கையில் தூக்கியிருக்கிறேன். அது இப்போது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் வாக்குமூலத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். வரிசையாகவே சொல்கிறேன்.

என் பெயர் சிந்துஜா. வயது இருபத்தேழு. தந்தை பெயர் திருநாவுக்கரசு. சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் மாடியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். மானுடவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். கடலில் படகு செலுத்துகிறவர்கள் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், அந்த விலக்குகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் தலைப்பு. இப்போது சொல்லும்போது வேறு யாருடைய தலைப்போ என்று தோன்றுகிறது.

என் தாயார் பரங்கிப்பேட்டையை அடுத்த கன்னிமேட்டுக்குப்பத்தில் பிறந்தவர். இறந்துபோன பொன்னுரங்கம் என் தாயாரின் பெரியப்பா மகன். எனக்கு மாமா. அவருடைய மனைவி ராசம்மாள் எனக்கு அத்தை. மாமா வேலை செய்த ஃபைபர் படகு அதே குப்பத்தைச் சேர்ந்த சேரன் என்பவருடையது. அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் தம்பி அருண்பாண்டியனும் அதே படகில் போகிறவன்.

முன்பு அந்தப் படகில் நான்கு பேர் தொழிலுக்குப் போய்வந்தார்கள். நான்காவது ஆள் சார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மூன்று பேர் சேர்ந்து ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பது கரையில் இருப்பவர்களுக்கும் தெரிந்த விலக்குதான். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட மூன்று பேராகிவிட்டால் ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கடலில் அது இன்னும் கண்டிப்பு. அதனால் மாமா தன் வீட்டு அம்மிக் குழவியின் உடைந்த பாதியைக் கொண்டுவந்து, போனவர் உட்கார்ந்திருந்த இடத்தில், படகின் முன்பக்கம் வைத்தார். அன்றிலிருந்து படகில் மறுபடியும் நான்கு பேர். கல்லுக்குச் சார்ஜாக்காரர் என்று பெயர் வைத்தவன் அருண்பாண்டியன். விளையாட்டாக வைத்தான். சிரித்து முடித்த பிறகும் பெயர் நின்றுவிட்டது.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் முதல் பிடியைக் கல்லின் முன்னால் வைப்பார்கள். சற்று நேரம் கழித்து அதைக் கடலில் போடுவார்கள். 'கொழம்பு ஊத்துனியாடா? வெறுஞ்சோத்த வச்சா வீடியோ கால் போட்டு நம்ம மானத்த வாங்கிடுவாரு' என்று மாமா சொல்வாராம். கரையில் யாராவது எத்தனை பேர் என்று கேட்டால் நாலு என்பார்கள். கேட்கிறவருக்கும் அதில் ஒருவர் கல் என்று தெரியும். குப்பம் முழுவதற்கும் தெரியும். இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து நடந்தது.

மூன்று ஏன் ஆகாது என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். ஒருமுறை, அது எமனுக்குப் பிடித்த எண் என்றார். ஒருமுறை, கட்டுமரக் காலத்தில் பாரம் ஒருபக்கம் சாயாமலிருக்க ஏற்படுத்தியது என்றார். இன்னொரு முறை, 'மூணு பேருன்னா ரெண்டு பேரு பேசிக்கினு வருவான், ஒருத்தன் உம்முனு ஒக்காந்திருப்பான். கடல்ல உம்முனு இருக்கிறவன் ஆபத்து புள்ள' என்றார். இதில் எது சரி என்று கேட்டேன். 'ஒனக்கு எது புடிக்குதோ அத எழுதிக்க. எனக்குப் படகு கவுறாம இருந்தா போதும்.' நான் மூன்றையும் எழுதிக்கொண்டேன்.

பெண்கள் தொழில் படகில் ஏறக் கூடாது என்பது இன்னொரு விலக்கு. படகே பொம்பளை, இன்னொருத்தியைப் பொறுக்காது என்று அருண்பாண்டியன் சொன்னான். சேரன் அண்ணன் வேறு சொன்னார். 'படகுல ஒதுங்க எடம் இல்லம்மா. பெரியவுங்க அத வாயத் தொறந்து சொல்ல வெக்கப்பட்டுக்கினு சாமி மேல போட்டுட்டாங்க.' இவ்வளவு நாள் நான் கேட்டு எழுதியவற்றில் எனக்குப் பிடித்த வாக்கியம் அது.

இன்னும் ஒன்று. கடலில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மாமா, மச்சான், தம்பி, டேய். அவ்வளவுதான். பெயர் காதில் விழுந்தால் கடல் அதைக் கற்றுக்கொள்ளும், பிறகு அதுவே கூப்பிடத் தொடங்கும். இதற்கு மட்டும் மாமா எப்போது கேட்டாலும் ஒரே பதில் சொன்னார். துருவிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

ஒருமுறையாவது அவர்களுடன் கடலுக்கு வரவேண்டும் என்று நான் கேட்டுவந்தேன். கரையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது எனக்கு அலுத்திருந்தது. மாமா மறுத்துவந்தார். ஐப்பசி மழை இடையில் ஓய்ந்து, காற்று எச்சரிக்கை விலக்கப்பட்ட அன்று அவரே என்னைக் கைப்பேசியில் அழைத்தார். குப்பத்தில் பாதிப் பேர் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பாதிரிப்புலியூர் போயிருந்தார்கள். 'கரையில ஆளு இல்ல. வர்றதுன்னா நாளைக்கி வா. அம்மாகிட்ட சொல்லாத' என்றார். ஏன் ஒப்புக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும் நேரத்தில் குப்பத்துக்குப் போனேன். சேரன் அண்ணன் என்னைப் பார்த்தார். டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு வலைக் கொட்டகையில் செருப்பைக் கழற்றினேன். அங்கே நாய்கள் செருப்பைத் தூக்கிப் போய்விடும். மாமா படகுக்குள் கைவிட்டுக் கல்லை எடுத்துவந்து என் செருப்பின் மேல் வைத்தார்.

'நாலு பேரு ஆயாச்சு. இவரயும் ஏத்துனா அஞ்சாயிடும். இன்னிக்கி இவருக்கு லீவு' என்றார்.

'அரபி ஒத்துக்குவானா மாமா?' என்றான் அருண்பாண்டியன்.

நான் சொல்ல வந்ததில் முதல் செய்தி இதுதான். அன்று கல் படகில் ஏறவில்லை.

அதன் பிறகு அருண்பாண்டியனின் மழைக்கோட்டைப் போட்டு, தலைமூடியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு படகின் முன்பக்கம், கல்லின் இடத்தில், குனிந்து உட்கார்ந்தேன். சற்றுத் தள்ளித் தன் படகில் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த சார்லஸ் என்பவர், 'எத்தன பேருடா?' என்று சத்தம் கொடுத்தார். 'எப்பவும் போல நாலு' என்றார் சேரன் அண்ணன். சார்லஸ் கையை ஆட்டினார். யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடலில் இருந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாந்தி எடுத்தேன். சுருண்டு படுத்தேன். மீன் சுமாராக விழுந்தது. சோற்றைத் திறந்தபோது முதல் பிடி என் முன்னால் வந்தது. கைப்பழக்கத்தில் வைத்துவிட்டார்கள். நான் தின்பதா, கடலில் போடுவதா என்று கேட்டேன். மூவரும் சிரித்தார்கள். சேரன் அண்ணன் அன்று என்னிடம் பேசிய முதல் பேச்சு அப்போதுதான். 'துன்னும்மா. அவரு ஒரு நாளும் இப்படிக் கேள்வி கேட்டதில்ல.'

சேரன் அண்ணன் இப்போதும் புதுச்சேரியில் மருத்துவமனையில் இருக்கிறார். நினைவு வந்து போவதாகச் சொல்கிறார்கள். அவரிடம் யாரும் இன்னும் விசாரிக்கவில்லை என்று அறிகிறேன்.

மதியத்துக்கு மேல் கரை திரும்பும்போது மழை பிடித்தது. முகத்துவாரத்தை நெருங்கியபோது கரை கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா காலியான ஒரு கேனை இறுக மூடி, அதன் கைப்பிடியில் கயிற்றைக் கோத்து, கயிற்றின் மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டினார். 'இத உடாத' என்றார். பயமாக இருக்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை. அதன் பிறகு ஆற்றுவாயில் மணல் மேடிட்ட இடத்தில் படகு தட்டியது. இன்ஜின் நின்றது. பக்கவாட்டில் ஓர் அலை வந்தது. படகு கவிழ்ந்தது. இதை மழைக்கால விபத்து என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு மறுப்பு இல்லை. பெண் ஏறியதால் கவிழ்ந்தது என்று குப்பத்தில் சொல்லப்போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

நான் கேனோடு மேலே வந்தேன். எனக்கு நீச்சல் சரியாகத் தெரியாது. கடல் நீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மற்றவர்களிடமிருந்து என்னை விலக்கிக்கொண்டு போனது. மழையில் அவர்கள் தலைகள் தெரிந்து தெரிந்து மறைந்தன. கத்தினேன். அதன் பிறகு ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சார்லஸின் படகு. அதில் சார்லஸும் அவர் மைத்துனரும் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மாமாவை இழுத்துப் போட்டார்கள். அருண்பாண்டியனை இழுத்துப் போட்டார்கள். சேரன் அண்ணனுக்குத் தலையில் அடிபட்டு நினைவில்லை. அவரைத் தூக்கச் சிரமப்பட்டார்கள்.

அலை என்னைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் படகைப் பார்த்தேன். அவர்கள் என் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் காற்று அவர்கள் பக்கமிருந்து வந்தது. அவர்கள் பேச்சு எனக்குக் கேட்டது. என் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஒரு குரல் எண்ணியது. 'ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது யாருடா?'

இன்னொரு குரல் சொன்னது: 'நாலாவது சார்ஜாக்காரருடா. வுடு, அவரு நீஞ்சியே சார்ஜா போய்ச் சேந்துடுவாரு.'

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் தவறாகச் சொல்ல விரும்பவில்லை. மூன்று உயிரை இழுத்துப் போட்ட களைப்பில் வந்த சிரிப்பு அது. நானும் அந்தப் படகில் இருந்திருந்தால் சிரித்திருப்பேன். அதன் பிறகு படகு கரைப் பக்கம் திரும்பியது.

படகில் நடந்த மற்றதை மருத்துவமனையில் சார்லஸ் சொல்லி அறிந்தேன். மாமா நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். வாயாலும் மூக்காலும் வந்துகொண்டிருந்தது. இடையிடையே 'நாலு பேரு, நாலு பேரு' என்று மட்டும் சொன்னார். சார்லஸ் அவர் முதுகைத் தட்டி, 'கல்லு போனா போவுது மாமா, வேற கல்லா கெடைக்காது?' என்றிருக்கிறார். மாமா அவரைக் கையால் அடித்திருக்கிறார். பித்துப் பிடித்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். அருண்பாண்டியன் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

கரையில் சேரன் அண்ணனை ஆட்டோவில் ஏற்றுவதில் எல்லோரும் முனைந்திருந்தார்கள். ராசம்மாள் அத்தை அரிசி வாங்கப் பரங்கிப்பேட்டைக்குப் போயிருந்தார். மாமா தன் வீட்டுக்குள் போய்வந்ததைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்கள். உடை மாற்றப் போகிறார் என்று நினைத்தார்கள். அதன் பிறகு அவர் சார்லஸின் படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டார்.

கரைக்கு வந்த பிறகாவது ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. சொன்னால் சேரன் அண்ணனின் படகில் இனி யாரும் கால் வைக்க மாட்டார்கள் என்பதற்காக இருக்கலாம். சொல்லி நம்பவைக்கும் நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கலாம். இவை என் ஊகங்கள். அவர் குடித்திருந்தார் என்று குப்பத்தில் பேசுவது மட்டும் நிச்சயமாகப் பொய். விடிந்ததிலிருந்து படகு கவிழும் வரை அவர் பக்கத்தில்தான் இருந்தேன்.

இனி நான் சொல்வதற்கு வேறு சாட்சி கிடையாது.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நீர் என்னை ஆற்றுவாயின் உள்பக்கம், சுரபுன்னைக் காடு தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவந்திருந்தது. வேர்கள் காலில் தட்டின. பிடிக்க முடியவில்லை. அப்போது தூரத்தில் ஓர் இன்ஜின் சத்தம் வந்து நின்றது. அதன் பிறகு ஒரு குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. சிந்துஜா. முழுப் பெயர். வீட்டில் எல்லோரும் சிந்து என்பார்கள். மாமாவுக்கு நான் எப்போதும் புள்ள. அவர் வாயால் என் பெயரை அதற்கு முன் கேட்டதில்லை.

நான் பதில் சொல்லவில்லை.

கடலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அது கடல். அதை நானே எழுதிவைத்திருக்கிறேன், எத்தனை ஊரில் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டும் பார்த்திருக்கிறேன். கடல் என் பெயரைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஆய்வுச் செய்தி இல்லை. உண்மை. கேனைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கினேன். குரல் திரும்பவும் கூப்பிட்டது. அப்போதுதான் பெயருக்குப் பின்னால் ஓர் இருமல் வந்தது. கடலுக்கு இருமல் வராது. கத்தினேன். உப்புத் தண்ணீர் குடித்த தொண்டையில் காற்றுதான் வந்தது. ஒரு விளக்கு தெரிந்து அணைந்தது. இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கி, கடல் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போனது.

முதல் அழைப்புக்கு நான் பதில் சொல்லியிருந்தால் என் குரல் எழும்பியிருக்குமா என்பது தெரியாது. எழும்பியிருக்காது என்று மருத்துவர் சொல்கிறார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, கழிமுகச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் என்னை வேர்களுக்கிடையில் பார்த்தார்கள். 'பொணம்னு நெனச்சுக் கிட்ட போனா, பொணம் மொறச்சுப் பாக்குது' என்று அதில் ஒருவர் ஆம்புலன்ஸ் ஆளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருடைய சேலையைத்தான் எனக்குச் சுற்றியிருந்தார்கள். கயிறு மணிக்கட்டில் இறுகியிருந்ததால் அறுத்து எடுத்தார்கள். தழும்பைக் காட்டினேன், பார்த்தீர்கள்.

சார்லஸின் படகு அன்றே மணல் மேட்டில் ஏறி நின்றிருந்தது. உள்ளே ஆள் இல்லை. பிறகு வடக்கே, புதுப்பேட்டைப் பக்கம், மாமாவின் உடல் ஒதுங்கியது. நான் சிதம்பரத்தில் மருத்துவமனையில் காய்ச்சலில் கிடந்தேன். என்னை யாரும் மாமாவோடு சேர்த்து நினைக்கவில்லை. படகில் மூன்று பேர் போனார்கள், மூன்று பேரும் கரை சேர்ந்தார்கள், ஒருவர் கல்லைத் தேடித் திரும்பப் போனார் என்று அருண்பாண்டியன் காவல் நிலையத்தில் சொல்லியிருந்தான். அப்படியே பதிவாகியிருந்தது.

எனக்கு நினைவு திரும்பியதும் சார்லஸை வரச்சொன்னேன். வந்தார். என்னிடம் சொல்லவேண்டியதைச் சொன்னார். நான் சொல்லவேண்டியதைக் கேட்டார். நான் எண்ணிக்கையைச் சொன்ன இடத்தில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 'அது நாந்தாம்மா எண்ணுனது' என்றார். போகும்போது ஒன்று சொன்னார். தன் படகில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது, வாய் முடிச்சுப் போட்டிருந்தது, பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு போர்வை. நனையாத போர்வை.

இது நான் சொல்ல வந்ததில் இரண்டாவது செய்தி. கல்லுக்கு யாரும் போர்வை எடுத்துப் போவதில்லை.

அதன் பிறகு, சார்லஸிடமிருந்து விஷயம் தெரிந்து, ஊர்ப் பஞ்சாயத்தார் இருவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மிரட்டவில்லை. அவர்களும் களைத்திருந்தார்கள்.

'நீ படிச்ச புள்ள. ஒனக்கு நாங்க சொல்லித் தரணுமா? பிச்சாவரத்துல எழுத வந்த எடத்துல வழுக்கி வுழுந்துட்ட. அவ்ளோதான்' என்றார் ஒருவர்.

'அப்ப மாமா?'

'போயிட்டாரு. போனவரு எதுக்குப் போனா என்னாம்மா?'

இன்னொருவர் மெதுவாகச் சொன்னார். 'நீ ஏறுனன்னு தெரிஞ்சா, ராசம்மா புருஷன நீ கொன்னன்னு ஆயிடும். கல்லு கொன்னுதுன்னே இருக்கட்டுமே. கல்லுக்கு என்னா, வலிக்கவா போவுது?'

அவர் சொன்னது தவறு என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

அருண்பாண்டியனும் வந்தான். வார்டுக்குள் வராமல் கதவருகிலேயே நின்றான். 'நீ முழுவனத நான் பாத்தேன்க்கா. கை மட்டும் தெரிஞ்சுது. அப்பறம் அதுவும் தெரியல. செத்துட்டன்னு நெனச்சேன். செத்தவளச் சொல்லி அண்ணன் படக எதுக்குக் காட்டிக் குடுக்கணும்னு…' என்றான். மாமா திரும்பப் போனபோது எங்கே இருந்தாய் என்று கேட்டேன். 'ஆட்டோவுல. அண்ணன் தலையப் புடிச்சுக்கினு.' அது உண்மை என்றே நம்புகிறேன். அவன் மேல் எனக்குப் புகார் இல்லை. அவன் சொல்லிப் பதிவானது சரியில்லை, அவ்வளவுதான்.

இன்று ஏன் வந்தேன் என்று முதலிலேயே கேட்டீர்கள். போன வாரம் என் தாயார் குப்பத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போய்வந்தார். வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தார். குழாயடியில் அத்தை குடத்தோடு நின்றிருந்தபோது, வரிசைக்காகச் சண்டை போட்ட ஒருத்தி அவரைப் பார்த்து, 'கொழவிக் கல்லுக்குத் தாலியக் குடுத்தவளுக்கு வாயப் பாரு' என்றாளாம். அத்தை குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்தக் குழவி அவர் வீட்டுக் குழவி. பாதி இன்னும் அவர் அடுப்படியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அம்மியில் எதுவும் அரைப்பதில்லை என்று என் தாயார் சொன்னார். நான் படகில் இருந்தது என் தாயாருக்கும் அதுவரை தெரியாது, பிச்சாவரத்தில் வழுக்கி விழுந்ததாகவே நம்பியிருந்தார். அன்று சொன்னேன்.

ஆகவே பதிவில் இருப்பதை மாற்றிக்கொள்ளுங்கள். அன்று படகில் இருந்தவர்கள் நான்கு பேர். நான்காவது ஆள் நான். பொன்னுரங்கம் சித்தம் கலங்கியோ, குடித்தோ, கல்லுக்காகவோ கடலுக்குத் திரும்பவில்லை. ஆள் ஒருவர் குறைகிறார் என்று தெரிந்து, அந்த ஆளைத் தேடி, போர்வை எடுத்துக்கொண்டு போனார். கடலில் சொல்லக் கூடாததைச் சொல்லிக் கூப்பிட்டார். இதனால் குப்பத்தில் என் மேல் வரும் பேச்சு என்னுடையது. அதைப் பற்றி எனக்குப் பாதுகாப்பு எதுவும் வேண்டாம். என்னை ஏற்றியதற்காகச் சேரனின் படகை ஊரார் ஒதுக்கிவைத்தால் அப்போது வந்து புகார் சொல்கிறேன்.

கல் இன்றும் வலைக் கொட்டகையில் என் செருப்பின் மேல் இருப்பதாகச் சார்லஸ் பார்த்துச் சொன்னார். யாரும் அதைத் தொடவில்லை. கடலில் இருப்பதாகப் பதிவான கல்லை யாரும் கரையில் தேடவில்லை. அதைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்கிறீர்கள். சரி.

நான் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதை யாரிடம் கேட்டேன் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

தி. சிந்துஜா
சிதம்பரம்

எனக்குக் கொடுத்த நகலின் பின்பக்கம் இதை எழுதிவைக்கிறேன். இது வாக்குமூலத்தில் சேராது.

நீதிமன்றத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். பரங்கிப்பேட்டைப் பேருந்தில் ஏறினேன். குப்பத்தில் இறங்கி வலைக் கொட்டகைக்குப் போனேன். கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு செருப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன். அதைப் போட்டுக்கொண்டு ராசம்மாள் அத்தை வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்லை அவர் முன்னால் வைத்தேன்.

'இது அன்னிக்கிக் கரையிலதான் இருந்துச்சு அத்தை' என்றேன்.

அவர் கல்லைப் பார்த்தார். உடைந்த பக்கத்தை விரலால் தடவினார்.

'அப்ப யாரத் தேடிப் போனாரு?'

'என்னைத்தான்.'

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்டது. அத்தை கல்லை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

'உக்காரு' என்றார்.

உட்கார்ந்தேன்.